தொட்டியடியில் எடுத்த படம்

நேற்று மாலை துபாய் தேராவில் ஒரு கடிகார ரிப்பேர் கடைக்காரர் என் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார். நான் கேமரா வாங்கப் போகவில்லை. அறையில் ஒருவனுடைய வாட்சுக்கு பேட்டரி மாற்றப் போனேன். நின்றுபோன அலாரம் கடிகாரங்களுக்கு நடுவே அது உட்கார்ந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் கண்கள், மேலே மடக்கு மூடி, பக்கத்தில் திருகும் பித்தளைக் குமிழ். உம்முடையதைப் போலவே. நான் பார்ப்பதைக் கவனித்த கடைக்காரர், "தேகோ பாய், தேகோ", பார் பார் என்று எடுத்து நீட்டினார். தோல் உறையைத் திறந்தேன். பழைய தோலும் வியர்வையும் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை அப்படியே வந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கோபம்தான் வந்தது. கேமராவை மேஜையில் வைத்துவிட்டு, வாட்சைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன். செத்துப்போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். அதற்கு வேறு ஆளைப் பாரும்.

உம்மை நீர் என்றே எழுதுகிறேன். நீர் என்னை அப்படித்தான் கூப்பிட்டீர். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலும் சம வயதுக்காரனை அப்படிக் கூப்பிடுவது உண்டு. சவூதியில், ஜுபைல் கேம்ப்பில் மற்றவர்களுக்கு நான் 'ஏய்', 'சலோ', 'யல்லா'. சைட்டில் கட்டடத்துக்குச் சாரம் கட்டும் கூட்டத்தில் ஒரு ஹெல்பர், அவ்வளவுதான். நீர் ஸ்டோரில் கையுறையும் பூட்ஸும் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தீர். முதல் நாள் என் காலைப் பார்த்து, "உமக்கு எட்டாம் நம்பர் காணாது, ஒன்பது போடும்" என்றீர். இந்த ஊரில் என்னை ஆளாக மதித்துப் பேசிய முதல் வார்த்தை பூட்ஸைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்ததாகச் சொன்னீர். ஸ்டூடியோ எரிந்த அன்று நீர் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தீர். நல்ல கேமராவையெல்லாம் முதலாளி வைத்துக்கொண்டு, அங்கே இருப்பதிலேயே கிழட்டுக் கேமராவை உம் கழுத்தில் மாட்டி அனுப்பியிருந்தார். அதனால் அது மட்டும் மிஞ்சியது. இதை ஏதோ பஸ் தவறிய கதை மாதிரிச் சொன்னீர். "நல்லதெல்லாம் எரிஞ்சிட்டுது. கிழடு தப்பிட்டுது. நானும் தப்பிட்டன்."

தப்பியது எவ்வளவு தூரம் என்பது எங்கள் அறை முழுவதற்கும் தெரியும். எங்களில் யாருடைய விசாவையாவது கம்பெனி கேன்சல் செய்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள். ஊருக்குப் போய்த் தலைகுனிந்து நிற்போம், பெண்டாட்டி பேசுவாள், கடன்காரன் பேசுவான், நாலு மாதத்தில் இன்னொரு ஏஜெண்டைப் பிடிப்போம். உமக்கு அப்படி இல்லை. உம் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உம்மையும் தேடிக்கொண்டு வந்தார்கள். பாஸ்போர்ட்டில் எக்ஸிட் முத்திரை விழுந்தால் நீர் இறங்க வேண்டிய ஊர் அதுதான். "எனக்கு இஞ்ச வெக்கை பரவாயில்லை" என்பீர். நாங்கள் வெயிலைத் திட்டும்போதெல்லாம் நீர் மட்டும் திட்டியதில்லை.

அந்தக் கேமராவை எனக்குக் கற்றுத்தாரும் என்று நான்தான் உம்மை நச்சரித்தேன். ஏன் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் படம் எடுக்கும் ஆசை எதுவும் இல்லை. சைட்டில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மண்டை கொதித்தது. வாயால் சொன்னால் எவனும் நம்பமாட்டான், படம் இருந்தால் நம்புவான் என்று நினைத்தேன். அப்போது எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

நீர் பிலிம் போட்டுத் தரவில்லை. வெறும் கேமராவைத்தான் கொடுத்தீர். வெள்ளிக்கிழமைதோறும் நாங்கள் படுக்கும் கேபினுக்குப் பின்னால், டீசல் ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று காலிக் கேமராவால் சுட்டுக்கொண்டிருந்தேன்.

"உள்ளுக்கு ஒண்டும் இல்லையே, பிறகு என்னத்துக்கு அமுக்கிறது?" என்று உம்மைப் போலவே பேசிக்காட்டிக் கிண்டல் செய்தேன்.

"உம்மட மண்டைக்குள்ளயும் ஒண்டும் இல்லை. அதை வச்சு நீர் கதைக்கேல்லையே?" என்றீர்.

அந்தக் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்க முடியாது. வயிற்றுக்கு மேல் பிடித்து, மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் கண்ணாடியில் இடது வலதாக, வலது இடதாக இருக்கும். கண்ணாடியில் ஆள் இடப்பக்கம் நழுவினால் நான் கேமராவையும் அதே பக்கம் தள்ளுவேன், ஆள் படத்தை விட்டே ஓடிப்போவான். தலை சுற்றும். நீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர். "கண்ணை நம்பாதையும். கை எங்க போகுது எண்டு பாரும்." ஒரு மாதம் ஆயிற்று அது பிடிபட. அதற்குப் பிறகு சைட்டில் சாரத்து மேல் நடக்கும்போதுகூட என் கை எதிர்ப்பக்கம் போகப் பார்த்தது.

ஜுபைல் வெயிலில் அந்தக் கண்ணாடியில் பாதி நேரம் ஒன்றுமே தெரியாது. வெள்ளை மணல், வெள்ளைக் கேபின், வெள்ளை வானம். பிம்பம் தெளிகிறதா கலங்குகிறதா என்று எவனால் சொல்ல முடியும்? தூரத்தை மனசால் அளந்து, குமிழைத் திருகி அந்த எண்ணில் வைக்கவேண்டும். எண்கள் அடிக்கணக்கில் இருந்தன. எனக்கு அடிக்கணக்கு நிதானப்படவில்லை. அதற்கு நீர் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்துவிடும், அதனால் இன்னும் கோபம் வரும். "நீர் எங்க படுக்கிறீர்? கட்டிலிலதானே? அது ஆறடி. அந்த ஆளுக்கும் உமக்கும் நடுவில எத்தினை கட்டில் போடலாம் எண்டு நினையும்." அதோடு தூரம் எனக்கு வசமாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் நடுவில் கட்டில் போட்டுப் பார்த்தேன். மெஸ்ஸுக்கும் கக்கூஸுக்கும் நடுவில் கட்டில் போட்டேன். எனக்கும் ஃபோர்மேனுக்கும் நடுவில் போட்டேன். ஒருநாள், "உம்ம ஊருக்கும் எங்க ஊருக்கும் நடுவுல எத்தனை கட்டில் வே?" என்று கேட்டேன். "கடலுக்குள்ள கட்டில் நில்லாது" என்றீர்.

பிறகு ஒரு ரோல் வாங்கி வந்தீர். பன்னிரண்டு படம்தான் வரும். வெயிலுக்கு முதுகைக் காட்டி, உடம்பின் நிழலில் வைத்து மாட்டக் கற்றுக்கொடுத்தீர். ஒன்று எடுத்ததும் கையால் திருகி அடுத்ததற்குப் போக வேண்டும். மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழும். மறக்கவே இல்லை நான். எல்லாவற்றையும் நானே எடுத்தேன். கழுவி வந்தபோது பன்னிரண்டும் தெளிவாக இருந்தன. மெஸ்ஸுக்கு வெளியே தட்டோடு நிற்கும் வரிசை. காலையில் பஸ் ஜன்னலில் சாய்ந்து வாய் திறந்து தூங்குகிறவர்கள். பஜாரில் பிலிம் கழுவிக் கொடுக்கும் ஹைதராபாத்காரரே, "யே தும்னே கீஞ்சா?", இதை நீயா எடுத்தாய் என்று என்னைத் திரும்பப் பார்த்தார். அந்த ரோலை நீர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனி உமக்கு நான் தேவையில்லை" என்றீர். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளும். நீர் சொன்னதுதான்.

உம்மோடு எனக்கு இருந்த சண்டை வேறு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கேம்ப்பே உம்மிடம் வந்து வரிசையில் நிற்கும். எங்கள் அறையில் ராமநாதபுரத்துப் பாண்டியிடம் ஒரு கூலிங்கிளாஸ் இருந்தது. அது அன்றைக்குப் பத்து முகம் ஏறி இறங்கும். யாருடைய சட்டையோ யார் உடம்பிலோ இருக்கும். கேபின் சுவர் தெரியக்கூடாது, கொடியில் காயும் ஜட்டி தெரியக்கூடாது, மணல் தெரியக்கூடாது. மெஸ் வாசலில் வைத்திருந்த ஒரே ஒரு தொட்டிச் செடியை எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கேம்ப்பை நிர்வகிக்கும் கேம்ப் பாஸ்கூட மேஜை டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டான். நீர் ஒவ்வொருவனையும் சிரிக்க வைப்பீர். சிரிப்பு வருகிற வரைக்கும் பட்டனைத் தொடமாட்டீர்.

"எதுக்குவே இந்தப் பொய்ய எடுக்கீரு?" என்று கேட்டேன். "இதப் பாத்துட்டு ஊருல இன்னும் நாலு பேரு நிலத்த வித்துட்டு வாரான்."

"நான் உமக்கு எடுக்கேல்லை. நிக்கிறவற்ற அம்மாவுக்கு எடுக்கிறன்."

"அம்மாவுக்கு உண்ம தெரியாண்டாமா?"

"அம்மாவுக்குத் தெரியும்" என்றீர். "அவவுக்கு ஒரு சிரிச்ச படம் வேணும். அவ்வளவுதான். சும்மா கத்தாதையும், வெளிச்சம் போகுது."

அப்புறம்தான் முருகேசனுக்குக் கண் மஞ்சளாயிற்று. என் பக்கத்துக் கட்டில்காரன். சோற்றைப் பார்த்தாலே குமட்டினான். கம்பெனி டிஸ்பென்சரியில் மிளகாயைக் குறைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவனுக்கு முன்னால் பக்கத்து அறைகளில் நாலைந்து பேர் அதே மாதிரி விழுந்திருந்தார்கள். தண்ணீர் நாறுகிறது என்று எல்லோரும் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்னவர்களிடம் கேம்ப் பாஸ், "கர் மே மினரல் வாட்டர் பீதா தா க்யா?" என்று கேட்டான். வீட்டில் மினரல் வாட்டர் குடித்தாயா என்று. முருகேசனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன மறுநாள் பாண்டி இரும்பு ஏணியில் ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தான். மூடியே இல்லை. உள்ளே பாசி, அதில் செத்து ஊறிப்போன புறாக்கள். நாங்கள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தோம். அதில்தான் சோறு வெந்தது.

அன்றைக்கு நான் கேமராவைக் கேட்டேன். நன்றாக ஞாபகப்படுத்திப் பாரும். உம்மை எடுக்கச் சொல்லவில்லை. கேமராவைத்தான் கேட்டேன்.

"நான் எடுக்கேன். மாட்டுனா என்னைய அனுப்புவான், போயிட்டுப் போறேன். நீரு இதுல தலையக் கொடுக்காதேயும்" என்றேன்.

நீர் பிலிம் மாட்டிக்கொண்டிருந்தீர். வெயிலுக்கு முதுகைக் காட்டி, எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி. "தொட்டிக்குள்ள இருட்டு. உமக்கு வெயிலிலதான் பழக்கம். முதல்ல நான் பார்க்கிறன்" என்றீர். எங்கள் அறைக்காரர்கள் மட்டும் வந்தால் போதும், கூட்டம் கூடினால் கேம்ப் பாஸ் வந்துவிடுவான் என்றும் சொன்னீர். வெள்ளிக்கிழமை மத்தியானம். அவன் தொழுகைக்குப் போய்விட்டுத் தூங்கும் நேரம்.

ஏணியில் ஏறி உள்ளே நாலைந்து படம் எடுத்தீர். ஃபிளாஷ் இல்லை. அந்தக் கிழட்டு லென்ஸுக்கு அந்த இருட்டு போதாது என்று எடுக்கும்போதே உமக்குத் தெரிந்திருக்கும். கீழே இறங்கி வந்து, தொட்டியை வெளியிலிருந்து ஒன்று எடுக்கலாம் என்றீர். மூடியில்லாத வாய், பக்கவாட்டில் வழிந்திருக்கும் பச்சைப் பாசி, ஆதாரத்துக்குக் கையில் ஒரு புறா. பாண்டி ஒரு புறாவைக் கம்பியால் கோர்த்து எடுத்து வந்திருந்தான்.

அப்போது நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. நம் ஆட்கள் கேமராவைப் பார்த்தார்கள். பார்த்ததும் சீப்பை எடுத்தார்கள். ஒருவன் அறைக்கு ஓடிப்போய் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான். குடிதண்ணீரில் பிணம் கிடக்கிறது, பக்கத்துக் கட்டில்காரன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இவர்கள் தோளில் கை போட்டு வரிசையாக நிற்கிறார்கள். பாசி வழிந்த இடத்தைச் சரியாக மறைத்துக்கொண்டு. பாண்டி கூலிங்கிளாஸை மாட்டிக்கொண்டான்.

"ஏலேய், நாம என்ன கல்யாணத்துக்கா வந்துருக்கோம்?" என்று கத்தினேன்.

"அட சும்மா இருங்கண்ணே, எப்படியும் படம் வருது, ஒரு காப்பி வீட்டுக்கும் ஆகும்ல" என்றான் பாண்டி.

நான் உம் பக்கம் வந்து நின்றேன். கேமராவுக்குக் கையை நீட்டினேன். வெளியே நல்ல வெயில். என் பழக்கத்துக்கு ஏற்ற வெயில். இரண்டு கட்டில் தூரம். இதை என்னாலும் எடுக்க முடியும், உமக்கே தெரியும், நீர்தான் அந்தப் பன்னிரண்டு படத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர். நீர் என் கையைத் தட்டிவிட்டீர்.

"நீர் போய் நில்லும்."

"வே, குடுமய்யா இங்க."

"போய் நில்லும் எண்டு சொல்லுறன். உம்மட அம்மாவுக்கு ஒரு படமும் போகேல்லை."

போய் நின்றேன். ஓரத்தில். முறைத்துக்கொண்டுதான் நின்றேன். நீர் மூடியைத் திறந்து குனிந்தீர். அப்புறம் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்து, "பாண்டி, புறாவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியும். இஞ்ச ஒழுங்காப் போஸ் குடுக்கிறது அது ஒண்டுதான்" என்றீர்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும்தான். உடனே பட்டனை அமுக்கினீர். பழக்கதோஷம். சிரிப்பு வந்தால் உம் விரல் தன்னால் அமுக்கிவிடும்.

தொட்டிக்குள் எடுத்ததெல்லாம் கறுப்பாக வந்தது. வெளியே எடுத்தது மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது. வேறு வழியில்லாமல் அதைத்தான் வைத்து, என்ன ஏது என்று எழுதி, பெயர் போடாமல், எங்களைப் போன்றவர்கள் குறை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்த ஓர் ஆபீஸுக்குத் தபாலில் போட்டோம். நான்தான் எழுதினேன், நான்தான் போட்டேன். அங்கே யார் பிரித்தார்கள், என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாளில் அந்தப் படம் கேம்ப் பாஸின் கையில் இருந்தது. அது எப்படி நடக்கும் என்று கேட்கிறவன் வளைகுடாவுக்கு வந்ததில்லை.

நீரும் எங்களோடு இருந்த நேரமாகப் பார்த்து அவன் எங்கள் அறைக்கு வந்தான். கத்தவில்லை. சிரித்துக்கொண்டே வந்தான். அதுதான் பயமாக இருந்தது. படத்தை எல்லோருக்கும் காட்டினான்.

"இதர் தோ சப் குஷ் ஹை!" என்றான். இங்கே எல்லோரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறீர்கள்? பாண்டியைப் பார்த்து, "ஷிகார் கயா தா க்யா?" என்றான். வேட்டைக்குப் போனாயா? பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். படத்தில் இருந்தவர்களை அவன் ஒன்றும் செய்யவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களை என்ன செய்வது? எடுத்தவன் யார் என்று மட்டும் கேட்டான். கேமரா உம்முடையது என்று அவனுக்குத் தெரியும். அதனால் உம்மைப் பார்த்தே கேட்டான்.

நீர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "மைனே கீஞ்சா" என்றேன். நான்தான் எடுத்தேன். கேமரா இவருடையது, ஆனால் கொஞ்ச நாளாக நான்தான் எடுத்துப் பழகுகிறேன், கேம்ப்புக்கே தெரியும், இவர் அன்றைக்கு ஸ்டோரில் ஓவர்டைமில் இருந்தார் என்று எனக்குத் தெரிந்த இந்தியை எல்லாம் கொட்டினேன். அவன் ஒரு கணம் யோசித்தான். நம்பத் தொடங்கினான், பார்த்தேன். நான் கேமராவோடு அலைவதை அவனே பார்த்திருக்கிறான். அவனுக்கு ஒருவன் கிடைத்தால் போதும். அது நானாக இருந்தால் என்ன, நீராக இருந்தால் என்ன?

அப்புறம் படத்தை மறுபடி பார்த்தான். கட்டைவிரலை ஓரத்தில் வைத்தான். என் முகத்தின் மேல்.

"து இதர் ஹை" என்றான். "தேரா பூத் கீஞ்சா க்யா?"

நீ இங்கே நிற்கிறாய். உன் பேயா எடுத்தது?

சிரித்துக்கொண்டிருந்தது என் முகம்தான். நீர் சொல்லிக்கொடுத்த தூரத்தில், நீர் சொல்லிக்கொடுத்த வெளிச்சத்தில், பல் வரிசை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவாக. அந்த ஒன்றையாவது நீர் கொஞ்சம் கலங்கலாக எடுத்திருக்கக்கூடாதா?

"நான்தான்" என்று தமிழிலேயே சொன்னீர். அவனுக்கு அது புரிந்தது. கேமராவை வாங்கிப் பின்மூடியைத் திறந்து, உள்ளே இருந்த புது ரோலை நாடா நாடாவாக வெளியே இழுத்தான். "கலாஸ்" என்றான். முடிந்தது என்று.

அன்றைக்கு மெஸ்ஸில் நான் எல்லோரிடமும் போனேன். நாளைக்குக் காலையில் ஒருவனும் பஸ் ஏறவேண்டாம், இவரை அனுப்பக்கூடாது என்று சொல்லி நிற்போம், ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்றேன். உம் கையால் படம் எடுத்துக்கொண்டவர்கள் அத்தனை பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"எங்களயும் சேத்து அனுப்பிட்டான்னா?"

"நம்மள அனுப்புனா ஊருக்குதான். அவருக்கு என்னன்னு உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"அவுக சிலோன்காரவுக. அவுகளுக்கு ஆயிரம் இருக்கும். நமக்கெதுக்கு?"

சொன்னவனின் பெயரை எழுதமாட்டேன். அவனுடைய பெண்ணுக்கு நிச்சயம் ஆனபோது அனுப்பிய படம் நீர் எடுத்தது. காலையில் பஸ் வந்தது. எல்லோரும் ஏறினார்கள். அந்த வாரத்திலேயே தொட்டிக்குப் புது மூடி வந்தது, கழுவி, வெளியே வெள்ளைப் பெயிண்டும் அடித்தார்கள். மனசு மாறி அல்ல. இன்னொரு படம் வெளியே போய்விடக்கூடாதே என்று. இன்றைக்கும் சிலர் அந்த மூடியைக் காட்டி, போராடி வாங்கினோம் என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி.

உம்மை ஏற்றிப்போக வேன் வந்தபோது நான் மட்டும் சிக், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி நின்றிருந்தேன். பெட்டியைத் தூக்கி வைத்தேன். அப்போதும் உம்மிடம் சண்டைதான் போட்டேன்.

"எதுக்குவே என்னையப் படத்துல நிக்க வச்சீரு?"

"நீரும் நிண்டா வடிவா இருக்கும் எண்டுதான்."

"உண்மையச் சொல்லும். தெரிஞ்சுதான் வச்சீரா?"

டிரைவர் ஹாரன் அடித்தான். நீர் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மத்தியான வெயிலுக்குப் பதினாறில வையும். மறந்திடாதையும்" என்றீர். லென்ஸின் துவாரத்தை எவ்வளவு சுருக்குவது என்பது. கேமராவே இல்லாதவனுக்குப் பாடம். வேன் போய்விட்டது.

கொழும்பில் இறங்கினீர். அதுவரை தெரியும். ஊருக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்து உம்மை இறக்கினார்கள் என்று, உமக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கிழவர் உம் அக்காவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் உம்மைப் பார்த்தவர்கள் இல்லை. உம் அக்கா ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிவிட்டு, ஒரு வருஷம் கழித்துத் திவசம் கொடுத்துவிட்டாள். தம்மாமில் கடை வைத்திருக்கும் உம் சொந்தக்காரர்தான் எனக்குச் சொன்னார். முருகேசன் பிழைத்து ஊருக்குப் போய்விட்டான். உம் முகம் அவனுக்குச் சரியாக நினைவில்லை என்று எழுதினான். "ஸ்டோர்ல இருப்பாரே, அவரா?" என்று கேட்டிருந்தான். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

என் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கையை நீட்டினேன், நீர் தட்டிவிட்டீர். கோபமெல்லாம் உம் மேல். படத்தை வாங்கி கேம்ப் பாஸ் கையில் சேர்த்தவன் மேல், பஸ் ஏறியவர்கள் மேல், அதற்கப்புறம் உம் மேல். நான் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திருநெல்வேலிக்குப் போயிருப்பேன். அம்மா ஒரு வாரம் அழுதிருப்பாள். நீர் இன்றைக்கும் ஸ்டோரில் நின்று எவனுடைய காலையோ பார்த்து நம்பர் சொல்லிக்கொண்டிருப்பீர். இரண்டையும் தராசில் வைத்தால் எது கனம் என்று தெரியாத ஆளா நீர்? பார்க்கிற தூரத்தையெல்லாம் கட்டில் போட்டு அளந்தவருக்கு இது தெரியாதா? தெரியாமல் செய்தீர் என்றால் மடையன் என்று திட்டுவேன். தெரிந்து செய்தீர் என்றால் அதைவிட மோசமாகத் திட்டுவேன். எனக்காக ஒரு ஆள் சாக வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்தப் படம் அம்மாவிடம் இருக்கிறது. நீர் சொன்னபடியே ஒரு காப்பி அனுப்பியிருந்தேன், கேம்ப் பாஸ் வருவதற்கு முன்பே. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். "நீ சிரிச்ச படம் இது ஒண்ணுதான் இருக்கு" என்று எழுதுகிறாள். கழற்றச் சொல்லி எழுத எனக்கு மனசு வரவில்லை.

இப்போது துபாயில் ஏசி குழாய் போடும் வேலை. எங்கள் அறையில் ஒரு ஜப்பான் கேமரா இருக்கிறது. தூரம் பார்க்க வேண்டாம், வெளிச்சம் பார்க்க வேண்டாம், அமுக்கினால் போதும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் நான் இருக்கும் இடத்தில் அது என் கையில்தான் இருக்கும். போன வாரம் சைட்டில் சாரத்துப் பலகை இற்றுப்போய்க் கிடந்ததைப் படம் எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, பலகையை மட்டும் எடுத்தேன். அப்புறம் வழக்கம்போல, நாங்களும் நிற்கிறோம் என்றார்கள். நிற்கட்டும், நீர் சொன்ன அந்த அம்மாக்களுக்கு. தோளில் கை போட்டு நின்றார்கள். கூட வேலை பார்க்கும் தென்காசிக்காரர் ஒருவர் வரிசையை விட்டு வெளியே வந்து, "அண்ணாச்சி, எப்பவும் நீங்களேதான் எடுக்கீக. ஒரு தடவ போய் நில்லுங்க, நான் அமுக்குதேன்" என்று கையை நீட்டினார்.

"போய் நில்லும்வே உம்ம இடத்துல!" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. எதற்கு இந்தக் கோபம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்து முடித்தேன்.

நாளைக்கு எவனாவது அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வருவான். சிரித்துக்கொண்டே வருவான். யார் எடுத்தது என்று கேட்பான். நான்தான் என்று எழுந்து சொல்வேன். திரும்பத் திரும்பப் பார்க்கட்டும். கட்டைவிரலை வைக்க அதில் என் முகம் இருக்காது.